கை என்னுது

அந்த நடிகரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தழும்பன் என்றால்தான் தெரியும். இடது புருவத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நெற்றிவரை ஏறும் அந்தத் தழும்புக்குத் திரையில் எத்தனையோ கதைகள். ஒரு படத்தில் அது கத்தி வெட்டு. இன்னொன்றில் சிறைக் கலவரம். மற்றொன்றில் கூடப் பிறந்த தம்பியே வீசிய பாட்டில். உண்மையில் அது சமையலறை அலமாரிக் கதவு. பள்ளிக்கூடம் போகிற வயதில், கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தவர், மேலே கதவு திறந்திருப்பது தெரியாமல் விருட்டென்று நிமிர்ந்துவிட்டார். கதவைத் திறந்து போட்டது அவருடைய அக்கா. "நான் மட்டும் அன்னைக்குக் கதவ ஒழுங்கா சாத்தியிருந்தா இவன் இன்னும் செருப்புக் கடையிலதான் இருந்திருப்பான்" என்று அக்கா இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்வாள்.

செருப்புக் கடை உண்மைதான். வாலிப வயதில் அங்கேதான் விற்பனையாளராக இருந்தார். வருகிறவர்களின் எதிரே முழங்காலிட்டு, பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, அளவு பார்த்து, மாட்டிவிட்டு, "விரல் இடிக்குதா சார்?" என்று அண்ணாந்து கேட்பார். கேட்கிற குரல் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் அண்ணாந்த முகத்தைப் பார்த்தவர்கள் விரல் இடித்தாலும் இடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடை முதலாளிக்கு அதில் பரம திருப்தி.

ஒரு நாள் அங்கே ஷூ வாங்க வந்த உதவி இயக்குநர் ஒருவர், காலை அவர் தொடையிலேயே மறந்து வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வர்றியா?" என்று கேட்டார். "என்ன சைஸ் கொண்டு வரணும் சார்?" என்றார் இவர். நடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

முதல் நாள் வேலை ஓர் ஆளை அறைவது. வசனம் கிடையாது. வட்டிக்காரனாக வந்து, கடன் வாங்கியவன் வீட்டுக் கதவைத் தட்டி, திறக்கிறவனை ஓர் அறை விட வேண்டும், அவ்வளவுதான். அறை வாங்க நின்றவன் சண்டைக் குழுவைச் சேர்ந்த ஒல்லிப் பையன். குட்டிக்கரணம் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் எந்த அடி கொடுத்தாலும் அதற்கு ஒரு கரணம் வைத்திருப்பான். "அண்ணே, சினிமா அடி உங்க கையில இல்ல, என் கழுத்துல இருக்கு" என்றான் அவன். "உங்க கை என் கன்னத்துக்கு முன்னால ஒரு விரக்கடை தள்ளிப் போகும். நான் முகத்தத் திருப்பினாதான் அடி. நான் தாடைய லேசா தூக்குவேன் பாருங்க, அப்பத்தான் கை வரணும். அதுக்கு முன்னால வந்துச்சுன்னா நிஜமா படும்."

பட்டது. பயத்தில் தாடையையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. படீரென்று விழுந்த சத்தத்தில் தளமே திரும்பியது. தழும்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது சண்டைப் பயிற்சியாளர் அருகில் வந்து, "சொல்லுப்பா, சொல்லிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போலாம்" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று இவருக்குத் தெரியவில்லை. அது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். நடிப்பு அடி நிஜ அடியாக விழுந்துவிட்டால், அடித்தவன் அடுத்த ஷாட்டுக்கு முன்னால் எல்லார் காதிலும் விழும்படி "கை என்னுது" என்று சொல்ல வேண்டும். தப்பு அடித்தவனுடையது, வாங்கியவன் சரியாகத்தான் நின்றான் என்று அதற்கு அர்த்தம். சொல்லாவிட்டால் அடி வாங்கியவன் தலையில் பழி விழும். அவனுக்கு டைமிங் போய்விட்டது என்று பேச்சு கிளம்பும். டைமிங் போன சண்டைக்காரனை யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் அப்படிப்பட்டவனோடு மோதினால் மோதுகிறவனுக்கும் எலும்பு மிஞ்சாது.

தழும்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை என்னுது" என்றார். குட்டிக்கரணம் வீங்கிய கன்னத்தோடு இளித்தான். "சரிங்கண்ணே. அடுத்த ஷாட் போலாம்." அதுவும் வழக்கம்தான். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது.

அன்று தொடங்கிய சிநேகம். அதற்குப் பிறகு தழும்பன் படத்தில் அடியாட்கள் என்று நாலு பேர் நின்றால் அதில் ஒருவன் குட்டிக்கரணமாகத்தான் இருப்பான்.

கல்யாணமும் அந்த ஓர் அறையால்தான் நடந்தது. தளத்தில் விழுந்தது நிஜச் சத்தமாக இருந்தாலும் படத்துக்கு அது உதவாது. படத்தில் கேட்கிற அறைச் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் காலடிச் சத்தத்தையும் ஒலிக்கூடத்தில் தனியாகச் செய்து சேர்ப்பார்கள். அங்கே ஒரு பெண் இருந்தாள். திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே, ஈரத்துணி சுற்றிய தோல் மெத்தையில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்பாள். தழும்பனின் முதல் அறைக்குக் கை கொடுத்தவள் அவள்தான். இந்த மூஞ்சிக்கு இந்தச் சத்தம் போதாது என்று தோன்றி, அவளாகவே இரண்டாம் தடவை இன்னும் பலமாக அடித்தாளாம். மறுநாள் அந்த மூஞ்சியே கதவோரம் வந்து நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?" என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான். அதற்கப்புறம் அவர் திரையில் யாரை அறைந்தாலும் சத்தம் மனைவியுடையது. "ஊரையெல்லாம் அடிக்கிறது நானு, திட்டு வாங்குறது இவரு" என்பாள்.

திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ஊசி போடுகிற நர்ஸ், "போன படத்துல அந்தப் பொண்ண என்ன பாடு படுத்தின" என்று சொல்லிக்கொண்டே ஊசியை ஆழமாக இறக்கினாள். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே இடுக்கு வழியாகப் பேசுவார். வேறு யாராவது என்றால் நொந்துபோயிருப்பார்கள். வெளியில் வந்தால் அசட்டுச் சிரிப்பு சிரித்து, நான் நிஜத்தில் ரொம்ப நல்லவன் என்று காட்டப் பாடுபட்டிருப்பார்கள். தழும்பன் அந்தக் கூத்துக்கே போகவில்லை. காலி இருக்கையில் சாவகாசமாகக் காலை நீட்டி உட்காருவார். ஊசி போட்ட நர்ஸிடம், "அடுத்த படத்துல இன்னும் மோசம், வந்து பாரும்மா" என்றார். நல்ல வேஷம் கிடைக்கவில்லையே என்று வருத்தம் உண்டா என்று பத்திரிகைக்காரன் ஒருவன் கேட்டபோது ஒரு முறை முறைத்தார். "நான் செய்யிறது எல்லாமே நல்ல வேஷம்தான்யா. கெட்டவன நல்லா செய்யிறேன். இங்க பாதி ஹீரோ நல்லவனக் கெட்டதா செய்யிறான், அவங்கள்ட்ட போய் கேளு." அது அப்படியே அச்சில் வந்தது. சில காலம் வேலை குறைந்தது. அவர் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

ஆனால் தொழிலில் அவர் பெயருக்கு ஒரு களங்கம் கிடையாது. அவர் கையால் அடிபட்ட நடிகை என்று ஒருத்தியைக் காட்ட முடியாது. கழுத்தை நெரிக்கிற காட்சி என்றால் முதலில் போய், "எந்த இடத்துல பிடிச்சா உனக்கு மூச்சு முட்டாது, காட்டும்மா" என்று கேட்டுக்கொண்டு வருவார். கேமரா ஓடினால் பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். கட் என்றதும் அந்த நடிகை அவர் தோளில் சாய்ந்து அடுத்த வசனத்தைப் படித்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே தலை நரைத்தது. வில்லன் வேஷங்கள் ஜிம்முக்குப் போகிற பையன்களுக்குப் போகத் தொடங்கின. எப்போதாவது ஒரு படம் என்று ஆனபோதுதான் சின்னவர் படம் வந்தது.

சின்னவர் என்பது கதாநாயகன். அவனுடைய அப்பா பெரிய நட்சத்திரமாக இருந்து ஓய்ந்தவர், அதனால் மகன் பிறக்கும்போதே சின்னவர் ஆகிவிட்டான். மோசமான பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. யாரும் இதுவரை இல்லை, முடியாது, கூடாது என்று சொல்லாமல் வளர்ந்த பிள்ளை. தழும்பனை "அங்கிள்" என்பான். படத்தில் தழும்பன் ஒரு சந்தையையே மிரட்டி வைத்திருக்கிற தாதா. கடைசிக் காட்சியில் சந்தை நடுவில், அத்தனை ஜனங்களும் பார்க்க, கதாநாயகன் அவரை ஒரே ஓர் அறை அறைவான். அவர் பறந்துபோய் முட்டைக்கோஸ் பெட்டிகள்மேல் விழ வேண்டும். படமே அந்த ஓர் அறைக்காகத்தான். விளம்பரத்திலேயே, "ஒரே அறை" என்று போட்டிருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம் வேறொரு சண்டை எடுத்தார்கள். அடியாட்கள் கதாநாயகன் வீட்டுக்குள் நுழைவார்கள், முதலில் நுழைகிறவன் அறை வாங்குவான். முதல் ஆள் குட்டிக்கரணம். அவனுக்கும் இப்போது முடி கொட்டிவிட்டது, ஆனாலும் கரணம் அதே கரணம்தான். சின்னவரின் நண்பர்கள் அன்று படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தார்கள், கையில் போனை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. குட்டிக்கரணம் தாடையைத் தூக்கும்வரை காத்திருக்கவில்லை. கை முழு வேகத்தில் போய் இடது காதில் இறங்கியது. விரலில் மோதிரம் வேறு.

குட்டிக்கரணம் கரணம் அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தான். காதுக்குள் ஒரு விசில் ஊதுகிறது என்று மட்டும் சொன்னான்.

காதுச் சவ்வு கிழிந்து உள்காதும் பழுதாகிவிட்டது, அந்தக் காது திரும்பக் கேட்காது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அடி விழுந்த அந்த நேரம் தளத்தில் எல்லாரும் சின்னவரின் வாயைப் பார்த்தார்கள். இரண்டே வார்த்தை. அவன் நண்பர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவர்தான் லேட்டா திரும்பினார்" என்றான். சாயங்காலத்துக்குள் தயாரிப்பு மேனேஜர் அதையே பரப்பிவிட்டார். கிழவனுக்கு டைமிங் போச்சு, இனி அவனை நம்பி ஷாட் வைக்க முடியாது. அடுத்த படத்துக்குச் சண்டைப் பயிற்சியாளர் ஆள் சேர்த்தபோது குட்டிக்கரணத்தின் பெயர் இல்லை. பயிற்சியாளருக்கும் உண்மை தெரியும். தெரிந்து என்ன, சின்னவர் படம் என்றால் அவருக்கும் அடுப்பு எரிய வேண்டுமே.

தழும்பன் ஆஸ்பத்திரிக்குப் போனார். குட்டிக்கரணம் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"காது போனாப் போகுதுண்ணே. இன்னொன்னு இருக்கு. ஆனா நான் லேட்டா திரும்பினேன்னு சொல்றாங்க பாருங்க." அவன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். "நான் என்னைக்குண்ணே லேட்டா திரும்பினேன்?"

தழும்பனுக்கு நெஞ்சு எரிந்தது. அடி வாங்கியே பிழைத்தவனுக்கு அதை ஒழுங்காக வாங்கினான் என்ற பெயரைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். நேராகச் சின்னவரின் ஓய்வு வண்டிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"தம்பி, ரெண்டு வார்த்தை. தளத்துல எல்லார் முன்னாலயும் கை என்னுதுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு."

சின்னவர் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். "அங்கிள், நான் போய் ஒரு ஃபைட்டர்கிட்ட அதெல்லாம் சொல்லணுமா? வெளிய தெரிஞ்சா எவ்ளோ அசிங்கம்."

"உங்கப்பா எனக்குச் சொல்லியிருக்காரு தம்பி. என் மூக்குல ரத்தம் வந்தப்ப."

"அது அவர் காலம்." பிறகு சிரித்துக்கொண்டே, புண்படுத்துகிறோம் என்றுகூடத் தெரியாமல் சொன்னான்: "அங்கிள், நீங்க வில்லன். ஹீரோகிட்ட அடி வாங்கத்தான உங்களக் கூப்பிட்டிருக்கு. அந்த வேலையப் பாருங்களேன்."

"சரி தம்பி" என்றார் தழும்பன். "அந்த வேலையையே பாக்கிறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "விழ மாட்டேன்னு நிக்கப் போறீங்க. அதானே?" என்றாள்.

"ஆமா."

"அதுக்கப்புறம் யாரு கூப்பிடுவா உங்கள? இப்பவே போன் எப்பவாவதுதான் அடிக்குது."

"கூப்பிடலைன்னா செருப்புக் கடைக்குப் போறேன்."

"அது செல்போன் கடையாகி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அப்ப போன் விக்கிறேன்."

அவள் ஒரு சட்டையை உதறினாள். கோபமா, பயமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான். இந்த வயதில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் இந்த மனிதர் துருப்பிடித்துப் போவார் என்று அவளுக்குத் தெரியும். கடைசி உருப்படியையும் மடித்து வைத்துவிட்டு, "நிக்கிறதுன்னா ஒழுங்கா நில்லுங்க. பாதியில போய் விழுந்து தொலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

மறுநாள் சந்தைக் காட்சி. தட்டியும் சாயமுமாக ஒரு முழுச் சந்தையை எழுப்பியிருந்தார்கள். முட்டைக்கோஸ் மட்டும் நிஜம், அதற்கடியில் பஞ்சு மெத்தை. துணை நடிகர்கள் ஒரு கூட்டம் சுற்றி நின்றது. தழும்பன் வசனம் பேசினார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சில் துணை நடிகைகளில் ஒருத்தி நிஜமாகவே இரண்டடி பின்னால் போனாள். சின்னவர் பதில் வசனம் பேசினான். கை ஓங்கினான். வீசினான்.

தழும்பன் தாடையைத் தூக்கவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. கண்ணிமைகூட ஆடவில்லை. கை அவர் மூக்குக்கு முன்னால் காற்றை அறைந்துவிட்டுப் போயிற்று.

"கட்! அண்ணே, ரியாக்‌ஷன் விட்டுட்டீங்க" என்றார் இயக்குநர்.

"அடி விழலையே தம்பி."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி கை போயிற்று, அவர் நின்றார். மேலே விளக்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்த லைட்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. இயக்குநருக்கும் புரிந்தது. அவருடைய முதல் படம் அது. தழும்பனை ஒரு தக்காளிக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அண்ணே, அவர் பண்ணது தப்புதான். நான் என்னண்ணே பண்ணேன்? என் வீட்டுல எல்லாரும் இந்தப் படத்ததான் நம்பி இருக்காங்க."

இதுதான் தழும்பனை உலுக்கியது. நல்ல பையன். வசனத்தைக் கெஞ்சி வாங்காமல் புரியவைத்து வாங்குகிறவன். ஒரு கணம், விழுந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தார். உருண்டு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பிஸ்கட்டைக் கீழே வைத்த கை ஞாபகத்துக்கு வந்தது.

"உன் படத்துக்கு நான் எதிரி இல்லப்பா. அவர் அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லட்டும். நீ இதுவரைக்கும் பாக்காத மாதிரி விழுந்து காட்டுறேன். சொல்ற வரைக்கும் நிப்பேன்."

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மறுபடி போலாம்" என்று கத்தினான். தழும்பன் அவன் தோளைப் பார்த்தார். தோள் இறுகியிருந்தது. மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பியிருந்தான். பையன் நிஜமாகவே அடிக்கப் போகிறான். எத்தனை தோள்களைப் பார்த்திருக்கிறார், இது தெரியாதா. கை கிளம்பியதும் அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டார். மொத்த பலத்தையும் கையில் வைத்திருந்தவனுக்குப் பிடிமானம் இல்லாமல் போயிற்று. ஒரு சுற்று சுற்றி, தடுமாறி, முட்டைக்கோஸ்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தான்.

எங்கோ மேலே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. சந்தை முழுக்கச் சிரித்தது. தழும்பன் மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

படப்பிடிப்பு நின்றது. வெளியீட்டுத் தேதி அறிவித்தாகிவிட்டது. ஆளை மாற்றலாம் என்றால் படம் முழுக்க அந்தத் தழும்புதான் இருக்கிறது. முதுகுப் பக்கமாக ஒரு சண்டைக்காரனை விழவைத்து எடுத்துவிடலாம் என்று மேனேஜர் யோசனை சொன்னார். கூப்பிட்ட சண்டைக்காரன் கழுத்துச் சுளுக்கு என்றான். அடுத்தவனுக்கும் கழுத்துச் சுளுக்கு. அந்த வாரம் அத்தனை சண்டைக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. நீங்களே ஒருமுறை விழுந்து காட்டுங்கள் என்று மேனேஜர் பயிற்சியாளரைப் பார்த்ததும், அவரும் மெதுவாகப் பின்கழுத்தைத் தடவ ஆரம்பித்தார். தன் அடுப்பைப் பற்றி அவர் அன்று யோசிக்கவில்லை.

கடைசி வழி ஒலிக்கூடம். இருக்கிற ஷாட்டையே வைத்து, பலமான சத்தம் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று மேனேஜர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். தழும்பனின் மனைவி தோல் மெத்தைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் சின்னவரின் கை வந்தது, போயிற்று. அவள் கை மடியைவிட்டு அசையவில்லை.

"அக்கா, சத்தம்" என்றார் மேனேஜர்.

"எங்க?"

"அந்த அறைக்கு."

"திரும்பப் போடுங்க, பாப்போம்." திரும்பப் போட்டார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அக்கறையாகப் பார்த்தாள். "அடி விழலையே தம்பி. விழாத அடிக்கு நான் எங்கேர்ந்து சத்தம் போடுறது?"

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறெதற்கோ பதிவு செய்து வைத்திருந்த பழைய அறைச் சத்தம் ஒன்றை எடுத்து ஒட்டச் சொன்னார். சின்னவரை வரவழைத்துப் போட்டுக் காட்டினார்கள். இடி மாதிரி சத்தம் வந்தது. ஆனால் அறை வாங்கியவர் இமைக்காமல் நின்றார். சத்தத்தை இன்னும் ஏற்றினார்கள். இன்னும் மோசமாயிற்று. இவ்வளவு பெரிய அறையை வாங்கிக்கொண்டு ஒரு கிழவர் கல்லாட்டம் நிற்கிறார், அடித்தவன் எதிரில் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். சின்னவர் இரண்டு தடவை பார்த்தான். மூன்றாம் தடவை வேண்டாம் என்று சைகை காட்டினான்.

"வேற வழியே இல்லையா?" என்று கேட்டான். குரலில் அந்தப் பழைய மிடுக்கு இல்லை.

பதில் சொன்னது தழும்பனின் மனைவிதான். "அவரு விழுந்தாதான் தம்பி நீங்க அடிச்ச மாதிரி. இத்தன வருஷமா இந்த ஊர்ல எல்லா ஹீரோவும் அப்படித்தான் அடிச்சிருக்காங்க."

மறுபடி சந்தையில் விளக்குகள் எரிந்த அன்று, தழும்பன் குட்டிக்கரணத்தையும் கூட்டி வந்திருந்தார். அவன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சின்னவர் தன் வண்டியிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, அவனுக்கு இடப்பக்கம் நின்றான். உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தான்.

குட்டிக்கரணம் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே இருந்தான். யாரோ ஒருவர் தோளைத் தட்டிக் காட்டிய பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்து, பதறி எழுந்தான்.

"மன்னிச்சுக்கங்க சார், கவனிக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தக் காது இப்ப கேக்கறதில்ல."

குத்திக் காட்டுகிற எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. உள்ளதைச் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் சின்னவரின் முகம் விழுந்தது. தான் போக்கிய காது எது என்றுகூட அவனுக்கு அதுவரை நினைவில்லை. அவன் சுற்றி நடந்து மறுபக்கம் வந்தான். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இந்தத் தடவை மேலே விளக்குப் பலகையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"கை என்னுது."

"சரிங்க சார்" என்றான் குட்டிக்கரணம். "அடுத்த ஷாட் போலாம்."

தழும்பன் அதற்குள் தன் இடத்தில் போய் நின்றிருந்தார். இந்தப் பையன் இனி தன் படத்தில் தனக்கு ஒரு வேஷமும் வைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அது அப்படியே நடக்கவும் செய்தது. குட்டிக்கரணத்தைப் பயிற்சியாளர் மறுபடி குழுவில் சேர்த்துக்கொண்டார். தழும்பனுக்கு நெடுங்காலம் போன் வரவில்லை. அதற்கெல்லாம் கலங்குகிறவராக இருந்தால் முதலிலேயே விழுந்திருப்பார். இப்போது நிமிர்ந்து நின்று, முறைத்து, வசனத்தைப் பேசி முடித்து, தாடையை லேசாகத் தூக்கினார்.

சின்னவர் காத்திருந்து, அதைப் பார்த்த பிறகு கையை வீசினான்.

தழும்பன் விழுந்தார். முகம் திரும்பி, தோள் திரும்பி, காலிரண்டும் தரையைவிட்டுக் கிளம்பி, அந்தக் கனத்த உடம்பு காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றி, பெட்டிகளைச் சிதறடித்துக்கொண்டு போய் இறங்கியது. முட்டைக்கோஸ் ஒன்று உருண்டு போய் கேமராவின் காலில் முட்டி நின்றது. இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார். தளமே கை தட்டியது. சின்னவர் ஓடி வந்து தூக்கிவிடக் கை நீட்டினான். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தழும்பன் தானாகவே எழுந்து, காதில் சிக்கிய இலையை எடுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அந்த ஷாட் ஒலிக்கூடத்துக்கு வந்தது. மேனேஜர் மூலையில் ஒதுங்கி நின்றார். தழும்பனின் மனைவி துணியை நனைத்துப் பிழிந்து மெத்தையில் சுற்றினாள். வளையலைக் கழற்றி வைத்தாள். திரையில் தாடை லேசாக எழும்பியது, கை வந்தது, அவள் புருஷன் பறந்தார்.

"இப்ப விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஓங்கி அடித்தாள்.